திசை மாறிய மண்டபம்

ஒரு தீவில், கூரிய வளைவுகள் கொண்ட உயரமான தேவாலயம் இருந்தது. பீடத்தை ஒட்டி நின்ற கிழக்குத் தூணைப் பார்த்தபடிதான் சனங்கள் முழந்தாளிட்டார்கள். அதோடு ஒரே வளைவால் இணைந்திருந்த தெற்குத் தூணை யாரும் திரும்பிப் பார்த்ததில்லை.

போர் வந்தது, ஆட்சி மாறியது. தேவாலயம் பள்ளிவாசலாயிற்று. சிலைகளை அகற்றிவிட்டுச் சுவர்களுக்குச் சுண்ணாம்பு அடித்தார்கள். மணிக்கூண்டின் மேல் மினாரா எழுந்தது. அந்தத் தீவுக்கு மக்கா தெற்கே இருந்ததால், கம்பளங்களைத் தெற்கு நோக்கி விரித்தார்கள்.

கிழக்குத் தூணுக்கு மனசு ஆறவில்லை. தெற்குத் தூணோடு பேசுவதையே அது நிறுத்திவிட்டது.

ஒரு வெள்ளிக்கிழமை, தொழுகையின்போது பூமி அதிர்ந்தது. தெற்குத் தூணில் விரிசல் ஓடியது.

“அண்ணே, கூரை என் பக்கமா சாயுது. கொஞ்சம் தோள் கொடு.”

“இப்ப எல்லாரும் பாக்குறது உன்னைத்தானே. நீயே தாங்கிக்க” என்றது கிழக்குத் தூண்.

“யாருண்ணே பாக்குறாங்க? கீழே பாரு.”

கிழக்குத் தூண் பார்த்தது. வரிசை வரிசையாக மனிதர்கள் நெற்றியைத் தரையில் வைத்திருந்தார்கள். ஒருவர் கண்ணும் எந்தத் தூண் மேலும் இல்லை. ஒருவன் மட்டும் தன் வயசான தகப்பனின் முதுகின்மேல் கவிந்துகொண்டிருந்தான்.

கிழக்குத் தூண் வளைவுக்குத் தோள் கொடுத்தது. அதன் உடம்பிலும் விரிசல் விழுந்தது. கூரை நின்றது.

“வலிக்குதாண்ணே?” என்று தெற்குத் தூண் கேட்டது.

“பேசாம இரு. அவங்க இன்னும் எழுந்திருக்கல.”