சோளம் தின்ற கல்

மயானத்தில் இப்போதெல்லாம் சாம்பல் தருவதில்லை. உடல் எரிந்த புகையைக் கல்லாக்கித் தருகிறார்கள். கணவன் கதிரேசனின் கல்லை வாங்க வான்மதி தன் மகளோடு வந்திருந்தாள்.

அதிகாரி கல்லைச் சுரண்டிப் பொடியைக் கருவியில் போட்டார். அரிசி தின்ற உடலின் கரி வேறு, சோளம் தின்ற உடலின் கரி வேறு. கல்லான பிறகும் அது மாறாது. உயிரோடிருப்பவர்களுக்கு ஒரு முடி போதும்.

"உங்க வீட்டுக்காரர் சுரங்கத்துல வேலை பார்த்தவரு. ரேஷன்ல அவருக்கு மட்டும்தான் அரிசி, உங்களுக்குச் சோளம். ஆனா கல்லு சோளம்னு காட்டுதே. அரிசியை வித்துட்டாராம்மா?"

வான்மதிக்குச் சுருக்கென்றது. "அவரு அப்படிப்பட்ட ஆளு இல்ல சார். ஒரு மணி அரிசி எங்க வாசலைத் தாண்டி வெளிய போகல."

சொல்லி முடித்த பிறகுதான் சட்டம் நினைவுக்கு வந்தது. சுரங்கத்து அரிசியை யார் தின்றிருந்தாலும், வயது பார்க்காமல் சுரங்க வேலைக்கு இறக்கிவிடுவார்கள்.

"நான்தான் சார் தின்னேன்," என்றாள்.

"உங்க முடியையும் பார்த்துருவோம்." அவர் கத்தரிக்கோலை எடுத்தார். "முதல்ல பாப்பா வரட்டும்."

தலை பின்னிக்கொள்ள நிற்கும் பழக்கத்தில், சிறுமி அவருக்கு முதுகைக் காட்டி அசையாமல் நின்றாள்.