அந்தோனியார் எண்ணெய்

கொட்டாஞ்சேனை ஃப்ளாட்டின் ஜன்னலால் துறைமுகத்து உப்புக் காற்றும் வெயிலும் ஒன்றாக வருகின்றன. பிளக்கைக் கழற்றி வைத்துவிட்டுக் கம்ப்யூட்டரைத் திறந்திருக்கிறாள் ஷாமிலா. பின்னேரம் அவளுடைய டிகிறிக்கான ஒன்லைன் வைவா, வாய்மொழிப் பரீட்சை. மெஷினோ காலையிலிருந்து பீப் பீப் என்று கத்துகிறதே தவிர எழும்பவில்லை. உடம்பிலிருக்கும் மின்சாரம் இறங்கட்டும் என்று இரும்புச் சட்டத்தைத் தொட்டுவிட்டு, நினைவகமான றாம் பலகையை ஓரத்தில் பிடித்து உருவுகிறாள். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்க்கிறாள். பலகையின் விளிம்பிலுள்ள பொன்னிறப் பற்களில் எண்ணெய் மினுங்குகிறது. அந்த வாசம் அவளுக்குத் தெரியும்.

"மம்மி, நேத்து தூசு தட்ட இதைக் கழட்டி வச்ச நேரம் அந்தோனியார் கோயில் எண்ணெய் பூசினீங்களா?"

"ஓம் மகள். வைவா நல்லா நடக்கட்டும் எண்டுதான்..." கதவடியில் நிற்கும் தாய் றோஸியின் கையில் இப்போதும் அந்தக் குப்பி.

ஷாமிலா குப்பியை ஒருமுறை பார்த்துவிட்டு மெஷின் பக்கம் திரும்புகிறாள். நூல் பிரியாத துணியை ஐசோபுறொப்பில் அல்கஹோலில் நனைத்து, பற்களை ஒரே பக்கமாக, அவசரமில்லாமல் துடைக்கிறாள். துணியில் மஞ்சள் இறங்குகிறது. ஈரம் முழுக்கக் காயும்வரை கையைக் கட்டிக்கொண்டு இருக்கிறாள். பலகை 'டக்' என்று பள்ளத்தில் உட்காருகிறது. பிளக்கைச் செருகி, சுவிட்சில் விரலை வைத்தவள், தாயின் பக்கம் நெற்றியை நீட்டுகிறாள்.

"எனக்குப் பூசுங்க மம்மி. மெஷினுக்கு வேணாம்."