சக்கரத்தில் இல்லாத பெயர்

“என்ன செய்தா நீ நாளைக்கு கிளாசுக்கு வருவ மக்கா?”

வெள்ளறடைக்கு மேலே, ரப்பர் தோட்டத்து வீட்டின் முற்றத்தில் நின்று, சத்யபாமா டீச்சர் ஒருமுறை நந்தனாவிடம் இப்படிக் கேட்டார். அவள் பள்ளிக்குப் போகாமல் இருந்த நாட்கள் அவை.

நந்தனா ரப்பர் ஷீட் அடிக்கும் மெஷினின் கைப்பிடியைப் பிடித்தபடி, டீச்சரின் கையிலிருந்த போனையே பார்த்தாள்.

டீச்சருக்குப் புரிந்தது. அவள் வராமல் போனதற்குக் காரணம் அந்த போனில்தான் இருந்தது.

பிள்ளைகளைப் பாடத்தில் ஈடுபட வைக்க என்று பாறசாலையில் ஆசிரியர்களுக்குப் பயிற்சி நடந்தது. பல ஆப்களைக் காட்டினார்கள். பலவற்றுக்கும் பிள்ளைகள் ஆளுக்கொரு போன் வைத்திருக்க வேண்டும். எட்டாம் வகுப்பு தமிழ் மீடியத்தில் அதற்கு வழியில்லை. டீச்சர் பெயர்ச் சக்கரத்தைத் தேர்ந்தெடுத்தார்.

வகுப்பிலுள்ள பெயர்கள் எல்லாம் வண்ணக் கீற்றுகளாக, புரொஜெக்டர் வெளிச்சத்தில் சுவரில் சுழலும். யார் பெயரில் நிற்கிறதோ அவர் எழுந்து பதில் சொல்ல வேண்டும்.

சிஜு அதற்கு பம்பர் என்று பெயர் வைத்தான். லாட்டரி பம்பர். சக்கரம் சுற்றும்போது வகுப்பே மேசையில் தாளம் போட்டது. எப்போதும் தூங்கி வழிகிறவர்கள்கூட நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

ஒரு நாள் நந்தனாவுக்கு அடித்தது.

எழுந்து நின்றாள். பதில் தெரியும். குரல்தான் வரவில்லை. முதலில் கைதட்டினார்கள். பிறகு சிரித்தார்கள். பிறகு அதுவும் ஓய்ந்து, எல்லோரும் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். மணி அடிக்கும்வரை நின்றாள்.

மறுநாளிலிருந்து அவள் போகவில்லை. அப்பா தங்கப்பன் வெட்டிக் கொண்டுவரும் ரப்பர் பாலில் ஆசிட் ஊற்றி உறைய வைத்தாள். உறைந்ததை ஷீட் அடித்துக் கொடியில் போட்டாள். அப்பா இரண்டொரு நாள் திட்டினார். பிறகு, கைக்கு ஓர் ஆள் ஆயிற்று என்று விட்டுவிட்டார்.

முற்றத்தில் நின்றபடியே டீச்சர் போனில் சக்கரத்தைத் திறந்து, அவள் கண் முன்னால் அவள் பெயரை அழித்தார். பையிலிருந்து ஒரு சதுர அட்டையை எடுத்தார். நடுவில் கறுப்புக் கட்டங்கள். நான்கு விளிம்பிலும், நான்கு விடைகளுக்கு ஒவ்வோர் எழுத்து. எந்த எழுத்தை மேலே வைத்துப் பிடிக்கிறாயோ அதுதான் உன் பதில் என்றார். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஓர் அட்டை. டீச்சரின் போன் ஒன்று போதும், அதுவே எல்லா அட்டைகளையும் படித்துக் கணக்கெடுக்கும்.

“வாய் திறக்கண்டாம் மக்கா. போன் அட்டைய மட்டும்தான் பாக்கும். பிடிச்சிருக்கது ஆருன்னு பாக்காது.”

நந்தனா மறுநாள் வந்தாள்.

அதன் பிறகு அட்டையும் நடந்தது, சக்கரமும் நடந்தது. அட்டையில் அவள் பதில் தவறியதே இல்லை. சக்கரம் சுழலும்போது அவள் ஒருத்தி மட்டும் பயமில்லாமல் அதை வேடிக்கை பார்த்தாள். எத்தனை நிறம் என்று அப்போதுதான் கவனித்தாள்.

அந்த வெள்ளிக்கிழமை, பயிற்சி கொடுத்த மோகனன் சார் வகுப்பைப் பார்க்க வந்தார். பின்வாசலை ஒட்டி அவருக்கு நாற்காலி போட்டார்கள். அங்கிருந்த கடைசி பெஞ்சின் ஓரத்தில் நந்தனா. பக்கத்தில் அஷ்வதி. பெஞ்சில் அவளோடு பேசுகிறவள் அஷ்வதி மட்டும்தான்.

சுவரில் சக்கரத்தைப் பார்த்ததும் சாருக்கு முகம் மலர்ந்தது. எல்லாப் பிள்ளைகளும் இதில் உண்டா என்று கேட்டார். உண்டு என்றார் டீச்சர்.

அஷ்வதி எழுந்தாள்.

“இல்ல டீச்சர், நந்தனாக்க பேரு அதுல இல்ல. நானும் எத்தன நாளா பாக்கேன். அவ பாவமாக்கும்.”

டீச்சர் நந்தனாவைப் பார்த்தார். பிறகு மோகனன் சாரைப் பார்த்தார். விட்டுப்போயிருக்கும் என்று சொல்லிச் சிரித்துக்கொண்டே லேப்டாப்பின் மேல் குனிந்தார்.

சுவரில் புதிதாக ஒரு கீற்று முளைத்தது. இளஞ்சிவப்பு.

அஷ்வதி உட்கார்ந்து, சந்தோஷத்தில் நந்தனாவின் கையைப் பிடித்து அழுத்தினாள்.

சக்கரம் சுற்றியது. இளஞ்சிவப்பு வந்தது, போனது, வந்தது. வேகம் குறைந்து, பெயரைக் காட்டும் முள்ளை மெல்ல உரசிக்கொண்டு கடந்தது. சிஜுவின் பெயரில் நின்றது. பம்பர் அடிச்சாச்சுலே என்று யாரோ கத்தினார்கள். சிஜு எழுந்து தப்பான பதிலைச் சொன்னான். எல்லோரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான்.

அடுத்தது அட்டை. எறும்பு கடித்தால் எரிவது எந்த அமிலத்தால்?

ரப்பர் பாலில் ஊற்றுகிற அதே ஆசிட். காலையில் கழுவியும் போகாத அதன் வாசனை நந்தனாவின் விரல்களில் இருந்தது.

அட்டைகள் உயர்ந்தன. அஷ்வதி தன்னுடையதை இரண்டு கையாலும் முகத்துக்கு நேராகப் பிடித்திருந்தாள். வகுப்பில் ஒரு முகமும் தெரியவில்லை. டீச்சர் போனை உயர்த்தி, அதன் திரையைப் பார்த்தபடி இடமிருந்து வலமாகத் திருப்பினார்.

நந்தனா தன் அட்டையைத் தண்ணீர் பாட்டிலில் சாய்த்து நிறுத்தினாள். சரியான எழுத்து மேலே இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொண்டாள். பையை எடுத்தாள்.

“எல்லாரும் உண்டு சார்,” என்றார் டீச்சர், போனிலிருந்து கண்ணை எடுக்காமல்.

மோகனன் சார் காலை மடக்கி வழிவிட்டார். அவள் பின்வாசல் படியிறங்கிப் போனாள்.