ஆற்றோர ரூட்

“மூணு மாசம் முன்னாடி இதே நாற்காலியில உக்காந்து, ஆத்தோர ரூட்டைக் கொடுங்கன்னு கெஞ்சினது நீங்கதானே அண்ணே? இப்ப வேண்டாம்னா எப்படி?”

டிரைவர் சாவிக்கொத்தை விரலில் மாட்டிச் சுழற்றிக்கொண்டிருந்தார்.

கேட்டவர், பஸ் டிப்போவில் யாருக்கு எந்த ரூட் என்று பிரித்துக் கொடுக்கும் இளம் அதிகாரி. வேலைக்கு வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. போன மாதம் இப்படித்தான் ஒருவர் மூச்சுத் திணறல் என்றார். பாவமே என்று இவரும் ரூட்டை மாற்றிக் கொடுத்தார். கடைசியில் அந்த ஆள் மாறியது மாமனார் வீட்டில் மதியச் சாப்பாடு கிடைக்கும் என்பதற்காக! டிப்போவே விழுந்து விழுந்து சிரித்தது. அன்றிலிருந்து மாற்றம் கேட்டு வருகிற எல்லோருக்கும் அவரிடம் ஒரே கேள்விதான்: உண்மையில் எதற்காக?

“சொல்லுங்கண்ணே.”

“முதுகு வலி சார்.”

“ஆத்தோர ரோடு கண்ணாடி மாதிரி இருக்கு. நீங்க கேக்கிற மார்க்கெட் ரூட்டுல குழிக்கு நடுவுல தேடினாத்தான் ரோடு தெரியும். முதுகு வலிக்காரர் கேக்கிற ரூட்டா அது?”

வாசலில் டீ குடித்துக்கொண்டிருந்த கண்டக்டர் எட்டிப் பார்த்தார். டிரைவருக்கு ஜோடியாக அதே வண்டியில் போகிறவர். டிப்போவில் அவருக்குப் பெயர் ‘சில்லறை’.

“நல்லாக் கேளுங்க சார். இந்த ரூட்டுக்கு வந்த புதுசுல அண்ணன் தலைக்கு மை என்ன, இஸ்திரி போட்ட சட்டை என்ன! புது மாப்பிள்ளை தோத்தான். இப்ப தாடியோட வர்றாரு.”

“சும்மா இருடா.”

“எப்படி இருக்கிறது? ஏற ஆளில்லன்னாலும் ஸ்டாப்புல கதவைத் திறந்து வெச்சுட்டு நிக்கிறாரு சார். ஏண்ணேன்னு கேட்டா, என்ஜின் ஆறட்டும்கிறாரு. ஜனங்க என்னைத்தான் திட்டுது.”

“சில்லறை, நீங்க போய் வண்டியைப் பாருங்க” என்றார் அதிகாரி.

கண்டக்டர் முணுமுணுத்துக்கொண்டே போனார். தான் இப்படித் துருவுவது நியாயத்துக்காகவா, இன்னொரு முறை ஏமாந்து கேலிக்கு ஆளாகக் கூடாது என்ற பயத்தினாலா? அதிகாரிக்கே சந்தேகம் வந்தது. குரலைத் தணித்துக்கொண்டார்.

“அந்த ரூட்டு பிடிக்கலையா அண்ணே?”

“பிடிக்கலையாவா?” டிரைவர் முதல்முறையாக நிமிர்ந்து பார்த்தார். “அது எனக்கு உசுரு சார். படுத்தா எப்படா விடியும்னு இருக்கும். ஆத்து வளைவு திரும்பும்போதே நெஞ்சு அடிச்சுக்கும். லீவு நாள்ல வீட்டுல இருப்புக் கொள்ளாது.”

“அப்புறம் ஏன் விடறீங்க?”

“கேட்டு வாங்கினது எனக்காக சார். விடறது எனக்காக இல்ல.”

“புரியலையே அண்ணே. புரிஞ்சாத்தானே நான் மாத்த முடியும்?”

சாவிக்கொத்து சுழல்வது நின்றது.

“அந்த வழியில ஒரு ஸ்டாப்புலதான் என் பொண்ணு வேலைக்குப் போக நிக்கும். அது கல்யாணத்துக்கு நான் போகல. அதோட பேச்சு நின்னுபோச்சு. தினம் ஒரு தடவை முகத்தையாவது பார்த்துக்கலாம், என்னைக்காவது ஏறி ‘அப்பா’ன்னு ஒரு வார்த்தை சொல்லாதான்னுதான் ரூட்டைக் கேட்டேன்.”

டிரைவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

“நான் ஓட்டுற வண்டியில ஏற மாட்டேங்குது சார், அடுத்த வண்டி வர்ற வரைக்கும், வயித்துல பிள்ளையை வெச்சுக்கிட்டு, வெயில்லயே நிக்குது.”