கோல்கீப்பர் உள்ளே இருக்கிறாள்

“கொமாபா!” என்றாள் நியேவெஸ்.

என்கார்னா டீச்சருக்குத் தூக்கிவாரிப் போட்டது.

‘அப்போதெல்லாம் சாப்பிடுவேன்’ என்று பழைய வழக்கத்தைச் சொல்ல, ஸ்பானிஷில் ‘கொமீயா’. பேசுவதற்குத்தான் ‘ஆபா’ வரும், ‘அப்ளாபா’. சாப்பிடுவதற்கும் வாழ்வதற்கும் ‘ஈயா’. ஸ்பெயினின் சமோராவில் பிறந்து வளர்ந்த பத்து வயதுப் பெண் தூக்கத்தில்கூட இதில் தப்பு செய்ய மாட்டாள்.

ஒரு நிமிடம் முன்னால் இதே ‘கொமாபா’வைச் சொன்னவள் மிலேனா. பல்கேரியாவிலிருந்து புதிதாக வந்தவள். வகுப்பே கொல்லென்று சிரிக்க, முகம் சிவந்து உட்கார்ந்திருந்தாள்.

“அவளைக் கிண்டல் பண்றியா?”

“இல்ல டீச்சர். எனக்கு வரல.”

“சரி. ‘அப்போ இங்க வாழ்ந்துட்டிருந்தேன்’ சொல்லு.”

“பிபாபா.”

மறுபடியும் ஒரே சிரிப்பு. மிலேனா தலையை இன்னும் குனிந்துகொண்டாள்.

“திமிரு! ரூல் தெரியும்ல? தப்பாச் சொன்னவங்க இடைவேளைக்கு வெளிய போகக் கூடாது. உள்ள உட்கார்ந்து படிக்கணும்.”

“தெரியும் டீச்சர்.”

பின்வரிசையிலிருந்து ஃபெர்மின் அலறினான். “ஏய், இன்னிக்கு ஃபைனல்டி! நீ இல்லாம யாரு கோல் பிடிக்கிறது? துரோகி!”

நியேவெஸ் குனிந்து புத்தகத்தைப் பிரித்தாள். கண் மட்டும் கலங்கியது.

டீச்சருக்குக் குழப்பமான குழப்பம். கிண்டல் பண்ணுகிறவள் எதற்காக அழ வேண்டும்? நிஜமாகவே வரவில்லையா? போன வாரம் இவள்தானே மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தாள்?

மணி அடித்தது. பிள்ளைகள் பறந்தார்கள். ஆசிரியர் அறையில் காப்பி இறங்கவில்லை டீச்சருக்கு. நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டுவிடலாம் என்று திரும்பி வந்தார்.

கதவருகிலேயே நியேவெஸின் குரல் கேட்டது.

“அப்ளாபா.”

“அப்ளாபா.”

“கொமீயா. வாயில இருக்கறதை முழுங்கிட்டுச் சொல்லு!”

மிலேனாவின் சிரிப்புச் சத்தம். டீச்சர் அதை இன்றுதான் முதன்முறையாகக் கேட்கிறார். முட்டை ஆம்லெட் வைத்த ரொட்டி இருவர் கையிலும் பாதிப் பாதி.

மைதானத்தில் ஒரு கூச்சல். எதிரணி கோல் போட்டுவிட்டது. நியேவெஸ் உதட்டைக் கடித்துக்கொண்டாள். ஆனால் எழுந்திருக்கவில்லை.

“எல்லாம் தெரியுதேடி உனக்கு!” என்றார் டீச்சர். “அப்புறம் எதுக்குத் தப்பாச் சொன்ன?”

நியேவெஸ் திருதிருவென்று விழித்தாள்.

“சரியாச் சொன்னா வெளிய அனுப்பிடுவீங்களே டீச்சர். தினமும் இவளை மட்டும் உள்ள உட்கார வச்சா, யார்கிட்ட பேசிப் பேசக் கத்துக்குவா?”