மாவு தொட்ட தேனீ

சுண்டுவிரல் நுனியில் அரிசி மாவைத் தொட்டுக்கொண்டு, ஆற்றங்கரை பஸ் ஸ்டாப் பூப்பாத்திக்கு முன்னால் ஓமனா குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தாள்.

ஒரு தேனீ பூவுக்குள் தலையை விட்டு, முதுகை வெளியே காட்டிக்கொண்டிருந்தது.

இதுதான் சமயம். முதுகில் பட்டும் படாமலும் ஒரு பொட்டு வைத்தால் போதும். மாவோடு அது எந்தப் பக்கம் பறக்கிறதோ, அந்தப் பக்கம் அதன் கூடு. தேன்பெட்டி வைத்திருக்கிற எல்லாருக்கும் தெரிந்த வித்தைதான்.

இடது பக்கம் பறந்தால் ஓமனா வீட்டுத் தேனீ.

நேரே ஆற்றைத் தாண்டிப் பறந்தால் அஜிதா வீட்டுத் தேனீ.

அது ஒன்று தெரிந்தால் போதும் அவளுக்கு.

அஜிதா அவள் கூடப்பிறந்த தங்கை. பேசி ஆறு வருஷமாகிறது.

தேன்பெட்டிகளை இடம் மாற்றக் கூலிக்கு வந்த விபினோடு ஒருநாள் அஜிதா போய்விட்டாள். மூன்றாம் நாள் மாலையும் கழுத்துமாக வந்து வாசலில் நின்றாள். அப்பா நாற்காலியை விட்டு எழுந்திருக்கக்கூட இல்லை. கதவைச் சாத்தியவள் ஓமனாதான். சாத்தும்போது ஒரு வார்த்தையும் சொன்னாள். இப்போது நினைத்தாலும் நாக்கு கூசுகிற வார்த்தை.

அக்கரையில் அவர்கள் நாற்பது பெட்டி வைத்துப் பிழைப்பதாகக் கேள்வி. பாலத்தைச் சுற்றிப் பஸ்ஸில் போனால் முக்கால் மணி நேரம். தேனீக்கு ஒரு மூச்சுத் தூரம்.

போன் நம்பரும் யாரோ கொடுத்திருந்தார்கள். அந்தப் பக்கம் எடுத்து 'ஹலோ' என்ற பிறகு என்ன சொல்வது என்பதுதான் ஓமனாவுக்குத் தெரியவில்லை.

இந்தப் பூப்பாத்தி போன வருஷம் போட்டது. ரப்பர் மரத்துத் தேன் பருவம் முடிந்து மழை தொடங்கிவிட்டால் தேனீக்குப் பட்டினிதான். சீனிப்பாகு வைத்தே காப்பாற்ற வேண்டும். ஊரில் சும்மா கிடக்கிற இடத்திலெல்லாம் மழை லில்லிக் கிழங்கு ஊன்றினால் கொஞ்சமாவது வயிறு நனையுமே என்று மகளிர் தேனீக் குழுவில் முடிவெடுத்தார்கள்.

இரண்டு சாக்குக் கிழங்கு வந்து இறங்கியது. சாக்கைப் பிரித்துப் பார்த்த குழுத்தோழி ஞானசெல்விக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"ஏட்டி, இது உள்ளியில்லா? மண்ணுல பொதைக்கதுக்குத் தீயல் கொழம்பு வச்சா ரெண்டு நேரத்துக்கு ஆவும்."

கோயில் முன்னால் ஊன்றலாம், பள்ளிக்கூட மதிலோரம் ஊன்றலாம் என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். ஆற்றங்கரை பஸ் ஸ்டாப்தான் என்று ஓமனா ஒருத்தி ஒற்றைக்காலில் நின்றாள். அங்கே வெயில் நன்றாக விழும், பஸ்ஸில் போகிறவர்கள் எல்லாரும் பார்ப்பார்கள் என்று காரணங்களை அடுக்கினாள். அக்கரைத் தேனீக்கும் எட்டும் என்ற காரணத்தை மட்டும் சொல்லவில்லை.

முந்தாநாள் மழை பெய்தது. இன்று விடியும்போது பாத்தி முழுக்க ரோஸ் நிறத்தில் பூ. நாளைக்குப் பாதி வாடிவிடும்.

விரலால் ஒற்றினாள். தேனீ எழும்பி, தலைக்கு மேல் ஒரு வட்டம் போட்டு, இடது பக்கம் போனது.

அடுத்ததும் இடது பக்கம்.

தேன் பாட்டில் பையோடு பஸ்ஸுக்கு நின்ற ஞானசெல்வி குனிந்து பார்த்தாள்.

"தேனீக்குத் திருநீறு பூசுதியா மக்கா?"

ஓமனா அடுத்த தேனீயின் முதுகில் ஒற்றினாள். மூன்றாவதும் இடது பக்கம் போனது. வியர்வையில் மாவு விரலில் பிசுபிசுத்தது. தன் வீட்டுத் தேனீக்கு விருந்து வைக்கவா அத்தனை பேரோடு மல்லுக்கு நின்றோம் என்று இருந்தது. இன்னும் ஒன்று பார்த்துவிட்டுப் போய்விடலாம் என்று விரலை நீட்டினாள்.

நீட்டிய விரல் அப்படியே நின்றது.

அந்தத் தேனீயின் முதுகில் ஏற்கெனவே ஒரு பொட்டு இருந்தது.

நீலப் பொட்டு.

மகரந்தமாக இருக்க முடியாது. அதைத் தேனீ காலில்தான் கட்டிக்கொண்டு வரும். இது முதுகின் நடுவில், விரல் நுனியால் வைத்த மாதிரி இருந்தது. வெள்ளைத் துணிக்குப் போடுகிற நீலப்பொடி.

தேனீ பூவிலிருந்து எழும்பியது. ஒரு வட்டம். பிறகு நேரே ஆற்றின் மேல் போய்க் கண்ணுக்கு மறைந்தது.

இரண்டு பூ தள்ளி இன்னொன்று இருந்தது. அதற்கும் நீலம். நிழற்குடைத் தூண் பக்கம் மூன்றாவது.

பூவில் வைத்துப் பொட்டிட்டால் தேனீயின் வீட்டைக் கண்டுபிடிக்கலாம். கூட்டு வாசலில் வைத்துப் பொட்டிட்டு அனுப்புகிறவளுக்கு அதனால் ஒன்றும் தெரியப்போவதில்லை. தெரிய வேண்டியது பூவுக்குப் பக்கத்தில் இருப்பவளுக்கு.

பஸ் வந்து நின்றது. படியில் கால் வைத்தபடி ஞானசெல்வி திரும்பினாள்.

"எந்தப் பக்கம் போச்சுட்டி?"

ஓமனா கையை மட்டும் ஆற்றுப் பக்கம் நீட்டினாள். 

இது மூன்றாவது தடவை பூத்த பூ. முன்பு பூத்த இரண்டு தடவையும், வருவதெல்லாம் தன் வீட்டுத் தேனீயாகவே இருந்துவிடுமோ என்று பயந்து, சாலைக்கு எதிர்ப்பக்கம் நின்று பார்த்துவிட்டு ஓமனா திரும்பிப் போயிருந்தாள். அப்போதும் நீலப் பொட்டோடு வந்திருக்குமோ?