நஞ்சப்பன் வண்டியின் பின்பாரம்

மில் துரையின் மடக்குப் படகில், உள்ளே சேரும் தண்ணீரை இறைத்துக் கொட்டக் கூடப் போன ராசப்பன் சிங்காநல்லூர்க் குளத்தில் மூழ்கிப்போனான். துரை மட்டும் படகோடு கரைக்கு வந்தார்.

"படகை உடனே துடைத்து மடி. ஈரத்தில் கித்தான் துணி இற்றுவிடும்" என்றார் வண்டிக்கார நஞ்சப்பனிடம்.

"எம்பட தம்பி தண்ணிக்குள்ள கெடக்கறான். உங்க படகு நனையக் கூடாதுங்களா?" என்று கரைக்கு ஓடிவந்த ராசப்பனின் அக்கா பாவாத்தாள் கொதித்தாள்.

நஞ்சப்பன் பாயை இறக்கி, பாய்மரத்தைக் கழற்றி, படகை மடித்து வண்டியில் ஏற்றினார். ஒற்றை ஆள் தூக்கும் சுமைதான். ஆனாலும் பின்னால் யாரோ ஏறியதுபோல் நுகத்தடி மாடுகளின் கழுத்தைவிட்டு எழும்பியது.

"முன்னால தள்ளி ஒக்காரு, கண்ணு" என்றார். நுகத்தடி படிந்தது.

வண்டி பாவாத்தாள் வீட்டுப் பக்கம் திரும்பியது. "பங்களா இந்தப் பக்கம்!" என்று துரை கத்தினார்.

"மொதல்ல ராசப்பனை எறக்கி உட்டுப்போட்டு வாரனுங்க."

வாசலில் வண்டியின் பின்புறம் ஒருமுறை தாழ்ந்து எழும்பியது. வண்டியோடு நடந்துவந்த பாவாத்தாள் உள்ளே போய் உலர்ந்த துண்டை எடுத்துவந்து நீட்டினாள். அது நனைந்து கனத்தது.